போட்ஸ்வானா முன்னேறிய கதை: செரெட்சே காமா, க்வெட் மசிரே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் வைரம் கிடைத்த நாடுகள் பல உண்டு. காங்கோ, அங்கோலா, சியரா லியோன் என்று பெயரைச் சொன்னாலே உள்நாட்டுப் போர்தான் நினைவுக்கு வருகிறது. அதே வைரத்தை வைத்துப் பள்ளிக்கூடமும் சாலையும் ஆஸ்பத்திரியும் கட்டிக்கொண்ட நாடு போட்ஸ்வானா. அந்த நாட்டை அதன் முதல் 32 ஆண்டுகள் நடத்திய இருவரைப் பற்றி நம்மிடையே பேச்சே குறைவு. நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

போட்ஸ்வானா எங்கே இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவுக்கு நேர் வடக்கே. மேற்கே நமீபியா, வடகிழக்கே ஜிம்பாப்வே. கடல் கிடையாது. பரப்பளவு சுமார் 5,82,000 சதுர கிலோமீட்டர், அதாவது நாலரைத் தமிழ்நாடு. ஆனால் மக்கள்தொகை ஏறக்குறைய 24 லட்சம்தான். நிலத்தில் பெரும்பகுதி காலஹாரி என்ற வறண்ட மணற்பரப்பு. மக்கள் பெரும்பாலும் கிழக்கு ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி வாழ்கிறார்கள்.

விடுதலை பெற்றபோது உண்மையிலேயே அவ்வளவு ஏழ்மையா?

ஆமாம். 1885 முதல் அது பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த பகுதி. பிரிட்டன் அங்கே எதையும் கட்டவில்லை. நிர்வாகத் தலைமையிடம்கூட நாட்டுக்குள் இல்லை. எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆட்சி செய்தார்கள். விடுதலை வரப்போகிறது என்று உறுதியான பிறகுதான் கபொரோனே என்ற தலைநகரை அவசர அவசரமாகக் கட்ட ஆரம்பித்தார்கள்.

1966 செப்டம்பர் 30 அன்று கொடி ஏறியபோது நாடு முழுவதிலும் தார் போட்ட சாலை வெறும் 12 கிலோமீட்டர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் 22 பேர், உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் சுமார் 100 பேர். தனிநபர் ஆண்டு வருமானம் நூறு டாலருக்கும் கீழே. போதாததற்கு, அதற்கு முந்தைய ஆண்டுகளில் கடும் வறட்சி. நாட்டின் மாடுகளில் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயிருந்தது. மாடுதான் அங்கே சொத்து, வங்கி, சீதனம் எல்லாமே. ஆட்சியின் அன்றாடச் செலவில் பாதியைப் பிரிட்டன் மானியமாகக் கொடுத்தால்தான் அரசு ஊழியருக்குச் சம்பளம் போட முடியும் என்ற நிலை.

செரெட்சே காமா யார்? அவருடைய திருமணம் ஏன் உலகச் செய்தியானது?

1921ல் செரோவே என்ற ஊரில், பமங்வாட்டோ மக்களின் தலைமைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா மூன்றாம் காமா, இன்னும் இரண்டு தலைவர்களோடு 1895ல் லண்டனுக்கே கப்பலேறிப் போய், 'எங்கள் நிலத்தை செசில் ரோட்ஸின் கம்பெனியிடம் கொடுக்காதீர்கள்' என்று முறையிட்டவர். ரோட்ஸ் அந்தப் பக்கத்தில் சுரங்கமும் நிலமும் சேர்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் முதலாளி. அந்தப் பயணம் பலித்ததால்தான் நாடு ரோட்ஸின் கம்பெனிக்குப் போகாமல் தப்பியது.

செரெட்சே சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட, சித்தப்பா ட்சேகெடி காமா அவர் சார்பில் ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். செரெட்சே சட்டம் படிக்க இங்கிலாந்து போனார். அங்கே லாயிட்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்த ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை 1948 செப்டம்பரில் மணந்தார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கொள்கையைப் பிரகடனம் செய்த கட்சி ஆட்சியைப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பினத் தலைவர் வெள்ளைக்கார மனைவியோடு வாழ்வதை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சித்தப்பாவும் கடுமையாக எதிர்த்தார்.

எனக்கு இந்தக் கதையில் மறக்கவே முடியாத இடம் ஒன்று உண்டு. அங்கே ஊர்ப் பொதுக்கூட்டத்துக்கு 'கொட்லா' என்று பெயர், நம் ஊர் மந்தையில் கூடிப் பேசுவதைப்போல. 1949 ஜூனில் செரோவேயில் கூடிய கொட்லாவில் செரெட்சே எழுந்து நின்று, தன் மனைவியை ஏற்பவர்கள் எழுந்து நிற்கட்டும் என்று கேட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்றார்கள்.

ஆனாலும் பிரிட்டன் விடவில்லை. தென்னாப்பிரிக்காவின் தங்கமும் யுரேனியமும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். அந்தக் குழுவே செரெட்சே தலைமை ஏற்கத் தகுதியானவர் என்று எழுதியது. அரசு அந்த அறிக்கையைப் பல ஆண்டுகள் வெளியே விடவில்லை. 1950ல் பேச்சுவார்த்தை என்று லண்டனுக்கு அழைத்து, ஊர் திரும்பத் தடை போட்டார்கள். ஆறு ஆண்டுகள் நாடு கடத்தப்பட்ட வாழ்க்கை. தலைமைப் பட்டத்தைத் துறந்த பிறகே, சாதாரணக் குடிமகனாக 1956ல் அவர் ஊருக்குத் திரும்ப முடிந்தது.

பின்னால் அவர் நாட்டை நடத்திய விதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். பிறப்பால் வந்த பட்டத்தை இழந்தவர், 1962ல் ஜனநாயகக் கட்சி தொடங்கி, 1965 தேர்தலில் 31 இடங்களில் 28ஐ வென்று, ஓட்டு வாங்கித் தலைவரானார். நிறத்தின் பெயரால் துரத்தப்பட்டவர், தன் நாட்டில் யாரையும் நிறத்துக்காகத் துரத்தவில்லை.

க்வெட் மசிரே யார்? அவர் பெயர் ஏன் அதிகம் கேள்விப்படாததாக இருக்கிறது?

செரெட்சேயின் வாழ்க்கையில் காதல், நாடு கடத்தல், அரச குடும்பம் எல்லாம் இருக்கின்றன. மசிரேயின் வாழ்க்கையில் இருப்பது கணக்கு நோட்டு. அதனால்தான் என்று நினைக்கிறேன்.

1925ல் கன்யே என்ற ஊரில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியராக இருந்தார், சொந்த ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கினார், பத்திரிகையில் எழுதினார். வறண்ட நிலத்தில் புதுமுறை விவசாயம் செய்து காட்டி, தேர்ந்த விவசாயி என்று அரசாங்கச் சான்றிதழ் வாங்கினார். செரெட்சேயோடு சேர்ந்து கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். கட்சியின் பொதுச்செயலாளர், கட்சிப் பத்திரிகையின் ஆசிரியர் இரண்டும் அவரே. 1966 முதல் 1980 வரை துணை அதிபர், அந்தக் காலத்தில் நிதித்துறையும் திட்டமிடலும் அவர் பொறுப்பில் இருந்தன. 1980ல் செரெட்சே புற்றுநோயால் இறந்ததும் அதிபரானார். 1998ல் யாரும் தள்ளாமலே பதவியை விட்டு இறங்கி, மறுபடியும் மாடு வளர்க்கப் போனார். 2017ல் காலமானார்.

செரெட்சேயால் மக்கள் நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையைப் பள்ளிக்கூடமாகவும் கிணறாகவும் சாலையாகவும் மாற்றியது மசிரேயின் கணக்கு. இருவரில் ஒருவர் இல்லாதிருந்தாலும் இந்தக் கதை நடந்திருக்காது.

வைரம் கிடைத்தது, பணக்கார நாடானது. இதில் தலைவர்களுக்கு என்ன பெருமை?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. நியாயமான கேள்வியும்கூட.

உலகின் பெரிய வைரக் கம்பெனிகளில் ஒன்றான டி பீர்ஸின் நிலவியலாளர்கள் காலஹாரி மணலில் ஏறக்குறைய 12 ஆண்டுகள் தேடி, 1967ல் ஒராபாவில் வைரப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். விடுதலைக்கு அடுத்த ஆண்டு! அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலம் யாருடையது என்று பாருங்கள்.

அன்றைய வழக்கப்படி, நிலத்துக்கு அடியில் உள்ளது அந்தந்த இனக்குழுவுக்குச் சொந்தம். ஒராபா இருப்பது பமங்வாட்டோ மக்களின் நிலத்தில். அதாவது செரெட்சேயின் சொந்த மக்களின் நிலத்தில். பழைய வழக்கம் அப்படியே தொடர்ந்திருந்தால் ஒரே குழு பெரும் பணக்காரக் குழுவாகியிருக்கும், மற்ற ஏழெட்டுக் குழுக்களும் வெறுங்கையோடு நின்றிருக்கும். பிறகு சண்டைக்குச் சொல்லவா வேண்டும்? காங்கோவின் கட்டாங்கா மாநிலம் 1960ல் தன் தாதுவளத்தை நம்பித் தனிநாடு என்று அறிவித்ததும், அதன் பின் கொட்டிய ரத்தமும் அப்போது எல்லோர் கண்முன்னும் இருந்தன.

செரெட்சேயும் மசிரேயும் அதற்கு முன்பே யோசித்திருந்தார்கள். 1965 தேர்தல் அறிக்கையிலேயே கனிம உரிமையை நாட்டுடைமையாக்கப் பேச்சு நடத்துவோம் என்று எழுதியிருந்தார்கள். 1967ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு குழுவிடமும் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். தன் குலத்தின் நிலத்தில் என்ன கிடைத்தாலும் அது எல்லோருக்கும் என்று முதலில் சொன்னவர் அந்தக் குலத்தின் வாரிசே என்பதால், மற்றவர்கள் மறுக்க வழியில்லாமல் போயிற்று. சில ஆண்டுகள் கழித்து உலகிலேயே மதிப்பு மிக்க வைரச் சுரங்கமான ஜ்வானெங் கண்டுபிடிக்கப்பட்டது, இந்த முறை தெற்கே, மசிரே பிறந்த ங்வாகெட்சே மக்களின் நிலத்தில். அதற்குள் கேள்வியே எழாதபடி எல்லாம் தீர்ந்திருந்தது.

வைரம் மண்ணில் கிடந்தது அதிர்ஷ்டம். பணம் கைக்கு வரும் முன்பே பங்கை முடிவு செய்து வைத்தது இந்த இருவரின் வேலை.

டி பீர்ஸ் போன்ற கம்பெனி சின்ன நாட்டை ஏமாற்றிவிடவில்லையா?

முதல் ஒப்பந்தத்தில் அரசுக்கு 15 சதவீதப் பங்குதான். ஒராபா 1971ல் திறந்தது. வருமானம் எவ்வளவு என்று தெரிந்ததும், புதிய சுரங்கங்களுக்குக் கம்பெனி அனுமதி கேட்டு வந்த நேரம் பார்த்து, அரசு பழைய ஒப்பந்தத்தையும் சேர்த்து மேசைக்குக் கொண்டுவந்தது. 1975ல் பங்கு சரிபாதியானது. பங்காதாயம், வரி, உரிமத்தொகை எல்லாம் சேர்த்தால் லாபத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அரசுக்கு வரத் தொடங்கியது. அந்தக் கூட்டு நிறுவனத்தின் இன்றைய பெயர் டெப்ஸ்வானா.

அந்தக் காலத்தில் பல ஆப்பிரிக்க நாடுகள் சுரங்கங்களைப் பறிமுதல் செய்துகொண்டிருந்தன. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. வைரம் தோண்டவும் தரம் பிரிக்கவும் உலகச் சந்தையில் விற்கவும் தெரிந்த ஆட்கள் தங்களிடம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார்கள். நல்ல வழக்கறிஞர்களையும் நிபுணர்களையும் அமர்த்திக்கொண்டு பொறுமையாகப் பேசினார்கள். 2013ல் டி பீர்ஸ் தன் வைர விற்பனைப் பிரிவையே லண்டனிலிருந்து கபொரோனேவுக்கு மாற்றியது என்றால், அது இந்தப் பொறுமையின் தொடர்ச்சிதான்.

வந்த பணத்தை என்ன செய்தார்கள்?

இங்கேதான் மசிரே வருகிறார். தேசிய வளர்ச்சித் திட்டம் என்று ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரு முறை போடுவார்கள். நாடாளுமன்றம் ஏற்ற அந்தத் திட்டத்தில் இல்லாத வேலைக்குப் பணம் கிடையாது. அமைச்சர் தன் தொகுதிக்குத் திடீரென்று எதையாவது அறிவித்துவிட முடியாது. திட்டத்தில் இருந்தவை பெரும்பாலும் குடிநீர்க் கிணறு, தொடக்கப் பள்ளி, கிராமச் சுகாதார நிலையம், சாலை. தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை 1980ல் நீக்கினார்கள்.

பட்டதாரிகளே இல்லாத நாட்டில் வெள்ளைக்கார அதிகாரிகளை உடனே அனுப்பிவிட்டு நம் ஆட்களை உட்கார வையுங்கள் என்ற குரல் பலமாக இருந்தது. செரெட்சே மறுத்தார். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் வரும்வரை காத்திருப்போம் என்றார். அப்போது இதற்காக அவரைத் திட்டியவர்கள் நிறைய. ஆனால் நிர்வாகம் ஒரு நாளும் குலையவில்லை.

மீதிப் பணம் சேமிப்புக்குப் போனது. வைர விலை 1980களின் தொடக்கத்தில் சரிந்தபோது அந்தச் சேமிப்பு கைகொடுத்தது. 1982 முதல் ஐந்தாறு ஆண்டுகள் மழை பொய்த்தபோதும், பள்ளிகளில் உணவும் கிராமங்களில் கூலி வேலையும் கொடுத்து மக்களைப் பட்டினியில் விடாமல் காத்தார்கள். அதற்காக 1989ல் மசிரேவுக்குப் பசி ஒழிப்புக்கான ஆப்பிரிக்கத் தலைமை விருது கிடைத்தது.

'ஆளுக்கு ஒரு மாடு' என்று ஏதோ கேள்விப்பட்டேனே?

போட்ஸ்வானா, லெசோத்தோ, சுவாசிலாந்து மூன்று நாடுகளுக்கும் பொதுவாக ஒரே பல்கலைக்கழகம் இருந்தது. 1975ல் லெசோத்தோ தன் வளாகத்தைத் தனியாகப் பிரித்துக்கொண்டுவிட்டது. போட்ஸ்வானா மாணவர்களுக்குப் போக இடமில்லை. செரெட்சே மக்களிடம் போனார். ஆளுக்கு ஒரு மாடு கொடுங்கள், நமக்கென்று பல்கலைக்கழகம் கட்டுவோம் என்றார். மாடு இருந்தவர்கள் மாடு கொடுத்தார்கள். இல்லாதவர்கள் தானியமும் முட்டையும் கோழியும் சில்லறையும் கொண்டுவந்தார்கள். போட்ஸ்வானா பல்கலைக்கழகம் 1982ல் தனியாக இயங்கத் தொடங்கியது. ஒரு மனிதர் மாட்டை ஓட்டிக்கொண்டு வரும் சிலை அந்த வளாகத்தில் இன்றும் நிற்கிறது. படிக்காத தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்த கொடை அது. படம் கிடைத்தால் தேடிப் பாருங்கள்.

நாணயத்தின் பெயர் 'பூலா' என்றால் என்ன?

மழை. வாழ்த்துச் சொல்லாகவும் அதைத்தான் சொல்வார்கள், கூட்டம் முடியும்போது எல்லோரும் 'பூலா!' என்று முழங்குவார்கள். சில்லறையின் பெயர் தெபே, அதாவது கேடயம். 1976 வரை தென்னாப்பிரிக்க ரேண்டைத்தான் பயன்படுத்தினார்கள். கொடியின் நீலமும் மழையைக் குறிப்பதே. மழைக்காக வானத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

பக்கத்திலேயே நிறவெறி அரசு இருந்தபோது எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?

மிகவும் நிதானமாக. ரயிலும் சாமானும் சந்தையும் தென்னாப்பிரிக்கா வழியாகத்தான். சண்டை போட்டால் பட்டினி. அதே நேரம் அங்கிருந்து தப்பி வந்த அகதிகளைத் திருப்பி அனுப்பவில்லை, அந்த அரசோடு தூதரக உறவும் வைத்துக்கொள்ளவில்லை. 1969ல் தென்னாப்பிரிக்காவோடு இருந்த சுங்கவரி ஒப்பந்தத்தைத் திருத்திப் பேசி, தங்களுக்கு வர வேண்டிய பங்கைக் கணிசமாக உயர்த்திக்கொண்டார்கள். வைரப் பணம் வரும் முன் நாட்டை நிறுத்தியது இந்த வருமானம்தான்.

முதல் பத்தாண்டுகள் ராணுவமே வைத்துக்கொள்ளவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே, அப்போது வெள்ளையர் ஆட்சியில் இருந்தது) படைகள் எல்லை தாண்டி வந்து தாக்கத் தொடங்கிய பிறகு, 1977ல்தான் ராணுவம் அமைத்தார்கள். 1985 ஜூனில் தென்னாப்பிரிக்கப் படை இரவில் கபொரோனேவுக்குள் புகுந்து 12 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகும் அகதிகளுக்கான கதவை மூடவில்லை.

ஒரே கட்சி 58 ஆண்டுகள் ஆண்டது ஜனநாயகமா?

தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன, பத்திரிகைகள் இருந்தன, நீதிமன்றங்கள் அரசுக்கு எதிராகவும் தீர்ப்பளித்தன. 1969 தேர்தலில் துணை அதிபர் மசிரேயே சொந்தத் தொகுதியில் தோற்றார். தோற்கடித்தவர் பாத்தோயென், அதற்காகவே தலைமைப் பட்டத்தை விட்டுவிட்டு எதிர்க்கட்சி சார்பில் நின்ற ங்வாகெட்சே தலைவர். மசிரே நியமன உறுப்பினராகத்தான் மறுபடி நாடாளுமன்றம் வந்தார். ஆனால் எதிர்க்கட்சிகள் பிளவுபட்டுக் கிடந்ததும், அரசு இயந்திரத்தின் பலம் முழுக்க ஆளும் கட்சிப் பக்கம் இருந்ததும் உண்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆளும் கட்சித் தலைவர்கள் பெரும்பாலும் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள். மாட்டிறைச்சி ஏற்றுமதிக்கு அரசு அவ்வளவு அக்கறை காட்டியதில் அவர்களுடைய சொந்த நலனும் கலந்திருந்தது.

ஊழலே இல்லையா?

இருந்தது. தலைநகரை ஒட்டிய நிலப் பங்கீட்டில் நடந்த முறைகேட்டை விசாரித்த குழுவின் அறிக்கையால் 1992ல் துணை அதிபரே பதவி விலக நேர்ந்தது. 1994ல் தனி ஊழல் ஒழிப்பு அமைப்பு வந்தது.

இந்த முன்னேற்றத்தில் விடுபட்டவர்கள் யார்?

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதற்கு மதிப்பில்லை. 1966 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகிலேயே வேகமாக வளர்ந்த பொருளாதாரங்களில் ஒன்று, 1994ல் மிகப் பின்தங்கிய நாடுகள் என்ற ஐநா பட்டியலிலிருந்து முதலில் வெளியேறிய நாடு. எல்லாம் சரி. ஆனால் ஏற்றத்தாழ்வு மிக அதிகமான நாடுகளின் வரிசையிலும் போட்ஸ்வானா இருக்கிறது. வைரச் சுரங்கம் பணம் தரும், ஆட்களுக்கு வேலை அதிகம் தராது. மாடு இல்லாத குடும்பங்கள் பின்னால் தங்கிவிட்டன.

காலஹாரியின் பூர்வகுடிகளான சான் மக்களுக்கு நடந்தது பெரிய அநியாயம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மத்திய காலஹாரி சரணாலயத்திலிருந்து 1997லும் 2002லும் அவர்களை அரசு வெளியேற்றியது. வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் தண்ணீருக்காகத் தனியே போராட வேண்டியிருந்தது.

அப்புறம் எய்ட்ஸ். 2000 வாக்கில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் எச்ஐவி தொற்று. நாடே அழிந்துவிடுமோ என்று பயந்த காலம். மசிரேவுக்குப் பின் வந்த அதிபர் ஃபெஸ்டஸ் மொகாய் அதை வெளிப்படையாகப் பேசினார். 2002ல் எல்லாக் குடிமக்களுக்கும் இலவச மருந்து கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அதன் பெயர் 'மாசா', விடியல் என்று பொருள். சேர்த்து வைத்த வைரப் பணம் இருந்ததால் இது முடிந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் பரவுவதை இன்று பெருமளவு தடுத்துவிட்டார்கள்.

இப்போது நிலைமை எப்படி?

கடினம். ஆய்வகத்தில் செய்த வைரங்கள் சந்தையை நிரப்புகின்றன, அவற்றில் பெரும்பங்கு நம் சூரத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் போகின்றன. தோண்டி எடுத்த வைரத்தின் விலை இறங்கிவிட்டது. வைரத்தைத் தவிர வேறு தொழில்களை வளர்க்க வேண்டும் என்று 1970களிலிருந்தே ஒவ்வொரு திட்டத்திலும் எழுதினார்கள், அதில் மட்டும் ஜெயிக்கவில்லை. தாமிரமும் நிக்கலும் தோண்டிய செலெபி பிக்வே சுரங்கம் 2016ல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். படித்த இளைஞர்களுக்கு வேலை இல்லை.

அந்தக் கோபம் 2024 அக்டோபர் தேர்தலில் தெரிந்தது. 61 தொகுதிகளில் ஆளும் கட்சி வென்றது நாலே இடங்கள். எண்ணிக்கை முழுதும் முடியும் முன்பே அதிபர் மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டு வாழ்த்துச் சொன்னார். அன்றைக்கே, நவம்பர் 1 அன்று, எதிர்க்கட்சித் தலைவர் டூமா போகோ பதவியேற்றார். ஒரு துப்பாக்கிக் குண்டு வெடிக்கவில்லை.

ரூத் என்ன ஆனார்?

செரெட்சே இறந்தபோது ரூத்துக்கு 56 வயது. இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய்விடுவார் என்று பலர் நினைத்தார்கள். போகவில்லை. போட்ஸ்வானாவிலேயே வாழ்ந்து, 2002ல் கபொரோனேவில் காலமானார். செரோவே குன்றின் மேலே, காமா குடும்பத்து இடுகாட்டில், செரெட்சேயின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.